களத்தில் இறங்கும் மேலாளர்: வாடிக்கையாளர் சேவைக் குழுவை நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

மேலாளராகப் பதவி உயர்வு கிடைத்த முதல் மாதத்தில் நான் செய்த ஒரு 'சாதனை'யோடு ஆரம்பிக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமே ஆன ஒரு பெண், கோபக்கார வாடிக்கையாளர் ஒருவரிடம் மாட்டிக்கொண்டு திணறிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியவில்லை. ஹெட்செட்டை வாங்கி மாட்டிக்கொண்டேன். நான்கு நிமிடத்தில் விஷயம் முடிந்தது. வாடிக்கையாளர் நன்றி சொல்லிவிட்டு வைத்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பெண் சொன்னார்: "இனிமே இந்த மாதிரி கால் வந்தா நேரா உங்களுக்கே மாத்தி விட்டுடறேன் சார்."

சொன்னபடியே செய்தார். அடுத்த இரண்டு மாதம் என் வேலை நேரத்தில் பாதி அவருடைய அழைப்புகளுக்கே போயிற்று. அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் பழகிக்கொண்டார்கள்.

களத்தில் இறங்குகிற மேலாளர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் இறங்கினால் குழுவுக்குத் தெம்பு வரும். இன்னொருவர் இறங்கினால் குழு கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். எங்கே கை வைக்கிறார் என்பதில்தான் வித்தியாசம். ஊழியரின் வேலையிலேயே கை வைத்தால் அது பறிப்பு. அந்த வேலைக்குக் குறுக்கே கிடக்கும் கல்லில் கை வைத்தால் அது மேலாண்மை. இந்த இரண்டையும் பிரித்தறிய எனக்குப் பல வருடம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு ஆகக்கூடாது என்பதற்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: முதல் இரண்டு வாரம் ஹெட்செட் மாட்டுங்கள்

வேறு குழுவிலிருந்து வந்தவரானாலும் சரி, அதே குழுவில் பத்து வருடம் இருந்தவரானாலும் சரி, மேலாளர் ஆனவுடன் முதல் இரண்டு வாரம் தினமும் இரண்டு மணி நேரமாவது வாடிக்கையாளர்களிடம் நேரடியாகப் பேசுங்கள். சாட் என்றால் சாட், மின்னஞ்சல் என்றால் மின்னஞ்சல். "எனக்குத்தான் இந்த வேலை தெரியுமே" என்று தோன்றும். நீங்கள் கடைசியாகச் செய்தபோது இருந்த வேலை இப்போது இல்லை. திரை மாறியிருக்கும், விதி மாறியிருக்கும், வாடிக்கையாளரின் பொறுமையும் மாறியிருக்கும்.

ஒரே நிபந்தனை: மேலாளருக்கான லாகின் வேண்டாம். புதிதாகச் சேர்ந்த ஊழியருக்கு என்ன அனுமதி உண்டோ அதே அனுமதியோடு உட்காருங்கள். உங்கள் லாகினில் ஒரே பொத்தானில் முடிகிற ரீஃபண்ட், அவருடைய லாகினில் ஒரு படிவம், ஒரு ஒப்புதல், ஒரு காத்திருப்பு என்று நீளும். அதை உடம்பால் உணர வேண்டும்.

நான் அப்படி உட்கார்ந்த முதல் நாளில் முகவரி மாற்றம் கேட்டு ஒருவர் அழைத்தார். முகவரியை மாற்றும் திரையைத் திறந்தால் வாடிக்கையாளர் எண் மறைந்துவிடும். அடுத்த திரையில் அதே எண் மறுபடி வேண்டும். நகலெடுக்க மறந்தால் பின்னால் போக வேண்டும். பின்னால் போனால் தட்டச்சு செய்த முகவரி அழிந்துவிடும். பக்கத்து மேஜையைப் பார்த்தேன். எல்லோருடைய மானிட்டர் ஓரத்திலும் ஒரு மஞ்சள் துண்டுச்சீட்டு, அதில் பென்சிலால் எழுதி அழித்து எழுதிய எண்கள். அந்தச் சீட்டை நான் அதுவரை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். அது என்னவென்று ஒருநாளும் கேட்டதில்லை. அறிக்கையில் அது 'சராசரிப் பேச்சு நேரம் அதிகம்' என்று மட்டுமே வந்துகொண்டிருந்தது.

டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான தாயிச்சி ஓனோ, தொழிற்சாலைத் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, பொறியாளரை அதற்குள் நிற்கவைத்து, மணிக்கணக்கில் கவனிக்கச் சொல்வார் என்பார்கள். நம் தொழிலில் அந்த வட்டம் ஹெட்செட்தான்.

ஒரு நோட்டில் மூன்றே விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: வாடிக்கையாளரை எங்கே காக்க வைத்தேன், எங்கே அவரிடம் ஒரே விஷயத்தை இரண்டாம் முறை கேட்டேன், எங்கே எனக்கே பதில் தெரியவில்லை. இரண்டு வாரம் முடியும்போது உங்கள் முதல் ஆறு மாத வேலைப் பட்டியல் அந்த நோட்டில் இருக்கும்.

படி 2: எப்போது இறங்குவது என்று கணக்குப் போடுங்கள்

இரண்டு வாரத்துக்குப் பிறகு நாள் முழுக்க அழைப்பெடுத்துக்கொண்டிருந்தால் மேலாளர் வேலையை யார் பார்ப்பது? வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் போதும். ஆனால் அது எந்த மணி நேரம் என்பது முக்கியம். கூட்டமில்லாத மதியத்தில் ஆற அமர இரண்டு அழைப்பு எடுப்பது புகைப்படத்துக்கு மட்டும்தான் உதவும்.

கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த டென்மார்க் கணிதவியலாளர் ஆக்னர் எர்லாங் 1917இல் காத்திருப்பு வரிசைக்கு ஒரு வாய்பாடு தந்தார். அழைப்பு மையங்களில் இன்றும் ஆள் கணக்குக்கு அடிப்படை அதுதான். அதை வைத்து ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

அரை மணி நேரத்தில் 100 அழைப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றும் சராசரியாக நாலரை நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 450 நிமிட வேலை. அரை மணிக்கு 15 பேர் இடைவிடாமல் பேசினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. அழைப்புகள் சீராக வருவதில்லை. திடீரென்று நான்கு சேர்ந்து வரும், பிறகு ஒரு நிமிடம் ஒன்றும் வராது. 15 பேரை வைத்தால் வரிசை நீண்டுகொண்டே போகும். 16 பேர் இருந்தால் சராசரிக் காத்திருப்பு மூன்று நிமிடத்துக்கும் மேல். 17 பேர் என்றால் ஏறத்தாழ 70 விநாடி. 18 பேர் என்றால் 32 விநாடி. 19 பேர் என்றால் 16 விநாடி. அதாவது 100 அழைப்பில் 80ஐ 20 விநாடிக்குள் எடுக்க வேண்டும் என்ற பரவலான இலக்கை 19 பேர் இருந்தால்தான் தொட முடியும். காத்திருப்பவர் யாரும் பாதியில் வைத்துவிடுவதில்லை என்று எடுத்துக்கொண்ட கணக்கு இது. நிஜத்தில் சிலர் வைத்துவிடுவார்கள், அதனால் எண்கள் கொஞ்சம் மாறும். ஆனால் சரிவின் வேகம் இதுதான்.

அந்த 16க்கும் 17க்கும் இடையில் பாருங்கள். ஒரே ஒருவர் வந்து உட்கார்ந்ததில் மூன்று நிமிடக் காத்திருப்பு ஒரு நிமிடத்தை ஒட்டி இறங்குகிறது. உச்ச நேரத்தில் நீங்கள் அந்தப் பதினேழாவது ஆளாக இருந்தால் உங்கள் ஒரு மணி நேரத்தை விலைமதிக்கவே முடியாது. அதே சமயம், தினமும் அந்தப் பதினேழாவது ஆள் நீங்கள்தான் என்றால் ஷிஃப்ட் அட்டவணை தப்பு. அதைத் திருத்தாமல் தினமும் உட்கார்ந்துகொண்டிருப்பது தியாகம் மாதிரித் தெரியும்; ஆள் போதவில்லை என்பதை மேலிடத்திடமிருந்து மறைக்கிற காரியம் அது.

படி 3: பின்னால் நிற்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள்

முதுகுக்குப் பின்னால் மேலாளர் நிற்கும்போது யாருக்கும் குரல் இயல்பாக இருக்காது. நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டாவது ஹெட்செட் மாட்டி, ஒருவரோடு நாற்பது நிமிடம் உட்காருங்கள். வாரத்துக்கு நான்கு பேர். வீட்டிலிருந்து வேலை செய்பவர் என்றால் அதே அழைப்பில் சேர்ந்து கேட்கலாம், திரையைப் பகிரச் சொல்லலாம். ஆனால் சொல்லாமல் நுழையாதீர்கள்.

கேட்கும்போது பெரும்பாலான மேலாளர்கள் பேச்சை மட்டும் கேட்கிறார்கள். கைகளையும் பாருங்கள். எத்தனை தடவை ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறார், எங்கே தேடுகிறார், எந்த இடத்தில் மியூட் போட்டுவிட்டுப் பக்கத்து ஆளிடம் கேட்கிறார். மியூட் போடும் இடம் ஒவ்வொன்றும் உங்கள் பயிற்சியில் ஒரு ஓட்டை.

அப்புறம் கருத்துச் சொல்லும் விதம். இந்த வேலையில் அதிகம் வீணாவது இதில்தான். "இன்னும் கொஞ்சம் அனுதாபமா பேசணும்" என்று சொன்னால், கேட்பவர் தலையாட்டுவார், நாளைக்கு அதையே செய்வார். அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய முடியும்? இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மூணாவது நிமிஷத்துல அவர் 'ரெண்டு நாளா அலையறேன்'னு சொன்னார். நீங்க உடனே ஆர்டர் நம்பர் கேட்டீங்க. அதுக்கப்புறம் அவர் குரல் ஏறிடுச்சு, கவனிச்சீங்களா?" அவ்வளவுதான். அதற்குமேல் அவரே சொல்வார்.

பதிவை ஓடவிட்டுப் பேசுவதாக இருந்தால், முதலில் அவரைப் பேசவிடுங்கள். தன் குரலைத் தானே கேட்கும்போது நாம் கண்டுபிடிப்பதைவிடக் கடுமையாகவே ஒவ்வொருவரும் தன் குறையைக் கண்டுபிடிப்பார். அப்போது உங்கள் வேலை பெரும்பாலும் சமாதானம் சொல்வதுதான். நல்ல அழைப்புகளையும் இதேபோல் உட்கார்ந்து கேளுங்கள். மேலாளர் கூப்பிட்டாலே தப்பு நடந்திருக்கிறது என்ற நினைப்பு குழுவில் ஊறிவிட்டால் அதைப் போக்குவது பெரும்பாடு.

ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயம். ஏழு திருத்தம் சொன்னால் ஏழும் போகும்.

படி 4: "உங்க மேனேஜரைக் கூப்பிடுங்க"

முதலில் சொன்ன கதையில் நான் தவறிய இடம் இது. இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஊழியர் அழைப்பை ஹோல்டில் போட்டுவிட்டு உங்களிடம் வருகிறார். "சார், மேனேஜர்கிட்டதான் பேசுவேன்னு சொல்றார்." உங்கள் கை ஹெட்செட்டை நோக்கிப் போகும். நிறுத்துங்கள். இரண்டு கேள்வி கேளுங்கள்: "அவருக்கு என்ன வேணும்? நீங்க முடிவெடுக்கறதா இருந்தா என்ன கொடுப்பீங்க?"

என் அனுபவத்தில் இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அப்போது சொல்ல வேண்டியது: "அப்போ அதையே கொடுங்க. என் பேரைச் சொல்ல வேண்டியதில்லை, உங்க முடிவாவே சொல்லுங்க. நான் இங்கேயே இருக்கேன்." பாதி நேரம் வாடிக்கையாளருக்கு மேலாளர் தேவையில்லை. 'முடியாது' என்ற சொல்லுக்கு அப்பால் யாராவது ஒருவர் தேவை. அந்த ஒருவர் உங்கள் ஊழியராகவே இருக்கலாம்.

அப்படியும் நீங்கள்தான் பேச வேண்டும் என்று வந்தால், வரிசை இதுதான். முதலில் ஊழியரிடம் முழு விவரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரை இன்னும் ஒரு நிமிடம் காக்க வைத்தாலும் பரவாயில்லை. பேச ஆரம்பித்ததும் நீங்கள் அவருக்குக் கதை சொல்ல வேண்டும், அவர் உங்களுக்கு அல்ல: "உங்க கணக்கில ஒரே பில்லுக்கு ரெண்டு தடவை பணம் எடுத்திருக்கு. இதுக்காக நீங்க கூப்பிடறது இது மூணாவது தடவை. சரியா?" இந்த ஒரு வாக்கியம் முடியும்போது எதிர்முனையில் மூச்சு இறங்குவது காதில் கேட்கும்.

அடுத்தது, ஊழியரின் காலை வாராதீர்கள். அவர் விதிப்படி 'தர முடியாது' என்று சொல்லி, நீங்கள் வந்த பத்தாவது விநாடியில் தந்துவிட்டால் இரண்டு பேருக்குப் பாடம் நடத்துகிறீர்கள். கத்தினால் கிடைக்கும் என்பது வாடிக்கையாளருக்கு. விதியை மதித்தவர் முட்டாள் என்பது ஊழியருக்கு. விதிவிலக்கு தர நியாயம் இருந்தால் அந்த நியாயத்தை வாயால் சொல்லுங்கள்: "அவங்க சொன்ன விதி சரிதான். உங்க விஷயத்தில தப்பு எங்க பக்கம் நடந்திருக்கிறதால விலக்குத் தர்றேன். அதை அவங்களே இப்போ செஞ்சு முடிப்பாங்க." சொல்லிவிட்டு லைனைத் திருப்பி ஊழியரிடமே கொடுங்கள். வாடிக்கையாளர் கடைசியாகக் கேட்கும் குரல் அவருடையதாக இருக்க வேண்டும். ஆரம்பத்தில் சங்கடமாக இருக்கும், நாலைந்து தடவையில் பழகிவிடும்.

யோசிக்காமல் நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டியவையும் உண்டு: யாருக்காவது உடல் ரீதியாக ஆபத்து, தனிப்பட்ட தகவல் கசிந்த புகார், வழக்குத் தொடுப்பேன் என்ற பேச்சு, ஊழியரைக் கொச்சையாகப் பேசுவது. கடைசியாகச் சொன்னதற்கு எழுத்தில் ஒரு விதி வையுங்கள். ஒரு முறை எச்சரிக்கை, தொடர்ந்தால் அழைப்பைத் துண்டிக்கலாம். அப்படித் துண்டித்த ஊழியரிடம் பிறகு விளக்கம் கேட்டு மெயில் போகக் கூடாது. ஒரே ஒரு தடவை போனாலும் அந்த விதி செத்துவிடும்.

படி 5: அதிகாரத்தைக் கீழே இறக்குங்கள்

ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்களில் ஒரு விருந்தினரின் பிரச்சினையைத் தீர்க்க 2000 டாலர் வரை மேலாளரைக் கேட்காமலே ஊழியர் செலவு செய்யலாம் என்ற ஏற்பாடு சேவைத் துறையில் பேர்போனது. உங்கள் நிறுவனத்துக்கு அந்தத் தொகை பொருந்தாது. அந்த யோசனை பொருந்தும்.

எவ்வளவு வரை என்று தீர்மானிக்க ஒரு எளிய வழி: கடந்த மாதம் உங்களிடம் ஒப்புதலுக்கு வந்த கோரிக்கைகளை எடுத்து வரிசையாகப் பாருங்கள். ஒரு வகையில் 20 வந்து, 19க்கு நீங்கள் சரி என்று சொல்லியிருந்தால், அங்கே நீங்கள் முடிவெடுக்கவே இல்லை. முத்திரை மட்டும் குத்தியிருக்கிறீர்கள். அந்த முத்திரையை ஊழியரிடம் கொடுத்துவிடுங்கள். மாதக் கடைசியில் பட்டியலை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். தவறாகக் கொடுத்துவிட்டார் என்றால் அதைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் அதிகாரத்தைத் திரும்ப வாங்காதீர்கள்.

படி 6: எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும், எண்களை வைத்து அடிக்கத் தெரிய வேண்டாம்

நேரடியாக வேலை தெரிந்த மேலாளருக்கு ஒரு அனுகூலம் உண்டு. எண்ணுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்து அவர் பெயரிலேயே விதியாகிவிட்டது. ஒரு அளவை இலக்காக மாற்றினால் அது நல்ல அளவாக இருக்காது என்பதுதான் அதன் சாரம். அழைப்பு மையத்தில் இதை ஒரே வாரத்தில் பார்க்கலாம். பேச்சு நேரத்தை நான்கு நிமிடத்துக்குள் வைக்கச் சொல்லுங்கள். மூன்றாவது நிமிடம் ஐம்பதாவது விநாடியில் லைன்கள் மர்மமாகக் 'கட்' ஆக ஆரம்பிக்கும். "வேறு பிரிவுக்கு மாற்றுகிறேன்" என்பது அதிகமாகும். அதே வாடிக்கையாளர் மறுநாள் மறுபடி அழைப்பார். எண் அழகாக இருக்கும்.

அதனால் பேச்சு நேரத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள். முதல் தொடர்பிலேயே தீர்ந்ததா, ஏழு நாளில் அதே ஆள் மறுபடி அழைத்தாரா என்பதோடு சேர்த்துப் பாருங்கள். ஒருவர் ஏழு நிமிடம் பேசுகிறார், ஆனால் அவருடைய வாடிக்கையாளர்கள் திரும்ப அழைப்பதில்லை என்றால், அவரிடம் மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

எங்களைப் பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா என்று 0 முதல் 10 வரை கேட்கும் மதிப்பெண் பலருக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்க வணிக ஆலோசகர் ஃபிரெட் ரைக்ஹெல்ட் 2003இல் அறிமுகப்படுத்தியது. 9, 10 கொடுத்தவர்களின் சதவீதத்திலிருந்து 0 முதல் 6 வரை கொடுத்தவர்களின் சதவீதத்தைக் கழிக்க வேண்டும். நிறுவனம் முழுமைக்கும் பார்த்தால் அதற்கு ஏதோ அர்த்தம் உண்டு. ஒரு ஊழியருக்கு மாதத்தில் வரும் 10 பதிலை வைத்துப் பார்த்தால் கேலிக்கூத்து. ஐந்து பேர் 9 அல்லது 10, மூன்று பேர் நடுவில், இரண்டு பேர் கீழே என்றால் மதிப்பெண் 30. அந்த ஐவரில் ஒருவருக்கு அன்று பார்சல் தாமதமாகி அவர் 6 போட்டிருந்தால் அதே ஊழியரின் மதிப்பெண் 10. பேச்சில் ஒரு சொல்கூட மாறவில்லை. இதை வைத்து ஊக்கத்தொகை கணக்குப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மின்னஞ்சல், டிக்கெட் (எண் போட்டுப் பதிவான புகார் அல்லது கோரிக்கை) பக்கம் ஒரே ஒரு கணக்கு கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி அது. கையில் தேங்கியிருக்கும் டிக்கெட்டுகளை ஒரு நாளில் முடிக்கும் எண்ணிக்கையால் வகுத்தால், வரவும் முடிப்பும் ஏறக்குறைய சமமாக இருக்கும்வரை, ஒரு டிக்கெட் சராசரியாக எத்தனை நாள் கிடக்கிறது என்று வந்துவிடும். 600 தேங்கியிருக்கிறது, தினம் 150 முடிகிறது என்றால் நான்கு நாள். தானாகப் போகும் பதில் மெயிலில் '24 மணி நேரத்துக்குள்' என்று இருந்தால் முதலில் அந்த வரியை மாற்றுங்கள். அந்தப் பொய்யைக் கேட்டு அழைப்பவர்களுக்கும் உங்கள் ஆட்கள்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

படி 7: கல் எங்கே கிடக்கிறதோ அங்கே போங்கள்

வரும் அழைப்புகளில் ஒரு பகுதி, வாடிக்கையாளருக்கு உண்மையில் ஏதோ வேண்டும் என்பதால் வருகிறது. இன்னொரு பகுதி, நாம் எதையோ செய்யத் தவறியதால் அல்லது தெளிவாகச் சொல்லாததால் வருகிறது. பிரிட்டனைச் சேர்ந்த மேலாண்மை ஆலோசகர் ஜான் செடன் இரண்டாவது வகையைத் தோல்வியால் உண்டாகும் தேவை என்று பிரித்தார். அதை எவ்வளவு வேகமாக எடுத்தாலும் லாபம் இல்லை, வராமல் செய்ய வேண்டும்.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் ரீஃபண்ட் கேட்டவர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி போகும்: 'உங்கள் கோரிக்கை செயலாக்கத்தில் உள்ளது.' அதைப் படித்தவர்கள் மறுநாள் அழைத்துக் கேட்பார்கள்: "செயலாக்கம்னா என்ன? நான் ஏதாவது பண்ணணுமா?" ஹெட்செட் மாட்டி உட்கார்ந்தபோது ஒரே காலையில் எனக்கே இந்தக் கேள்வி பலமுறை வந்தது. செய்தியை மாற்றச் சொன்னோம்: 'பணம் 5 வேலை நாட்களில் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.' அந்தக் கேள்வி கண்ணுக்குத் தெரியும் அளவு குறைந்தது. எழுதியது இரண்டு வாக்கியம். அதை மாற்ற அனுமதி வாங்கத்தான் ஆறு வாரம் ஆனது.

அந்த ஆறு வாரம்தான் மேலாளரின் வேலை. ஊழியர் ஒருவர் பில்லிங் பிரிவுக்கு மெயில் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். நீங்கள் போட வேண்டும், போடும்போது 'நிறைய புகார் வருகிறது' என்று எழுதாதீர்கள். எந்த வாரம், எத்தனை அழைப்பு, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். கூடவே ஒரு நிமிடப் பதிவு ஒன்றை இணைத்துவிடுங்கள். பட்டியலைப் பார்த்து அசையாதவர்கள், ஒரு மனிதர் குழம்பித் தவிக்கும் குரலைக் கேட்டால் அசைவார்கள். இன்னும் நல்லது, அந்தப் பிரிவின் மேலாளரை ஒரு மணி நேரம் உங்கள் தளத்தில் உட்காரக் கூப்பிடுவது.

படி 8: எல்லாம் சாய்ந்த நாளில்

சர்வர் படுத்துவிட்டது, வரிசையில் இருநூறு பேர். இந்த நாளில் உங்களைக் குழு எடைபோடும். அழைப்பெடுக்க உட்கார்ந்துவிடாதீர்கள். இன்று நீங்கள் பதினேழாவது ஆள் இல்லை.

தொழில்நுட்பப் பிரிவிடமிருந்து தகவலை வாங்கி, இரண்டே வரியில் எழுதி, எல்லோர் கண்ணிலும் படும் ஒரே இடத்தில் வையுங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னால் வாடிக்கையாளர் மூன்று தடவை அழைப்பார். 'சீக்கிரம் சரியாகிவிடும்' என்று எழுதாதீர்கள். 'அடுத்த தகவல் 3 மணிக்கு' என்று எழுதுங்கள். 3 மணிக்குப் புதிதாக ஒன்றும் இல்லையென்றாலும் 'இன்னும் சரியாகவில்லை, அடுத்து 4 மணிக்கு' என்று எழுதுங்கள். அன்றைய பேச்சு நேர இலக்கை வாய்விட்டு ரத்து செய்யுங்கள். கூட்டங்கள் ரத்து. மேலிடத்திலிருந்து வரும் "என்ன ஆச்சு?" எல்லாம் உங்களிடமே நிற்க வேண்டும், தளத்துக்குள் வரக் கூடாது. தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போங்கள். இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டால், அன்று இதுதான் வேலை.

படி 9: குரலுக்குப் பின்னால் இருக்கும் ஆள்

விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷில்ட், உணர்ச்சியை அடக்கியும் வரவழைத்தும் சம்பளத்துக்காகச் செய்யும் உழைப்பை 1983இல் உணர்ச்சி உழைப்பு என்று விவரித்தார். நாற்பது பேரின் கோபத்தைக் கேட்டுவிட்டு நாற்பத்தொன்றாவது ஆளிடம் புன்னகைக் குரலில் வணக்கம் சொல்வது உழைப்புதான். மூட்டை தூக்குவது போல அதுவும் உடம்பை வாங்கும்.

மோசமான அழைப்பு ஒன்று முடிந்தவுடன் ஐந்து நிமிடம் எழுந்து போக அனுமதி கேட்க வேண்டியிருக்கக் கூடாது. அந்த நேரத்துக்கு ஒரு பொத்தான் இருக்கட்டும். அதை யார் எத்தனை தடவை அழுத்தினார்கள் என்று வாரக் கூட்டத்தில் காட்டாதீர்கள். வழக்கமாகக் கலகலப்பாக இருப்பவர் மதிய இடைவேளையில் ஹெட்செட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தால் போய்ப் பேசுங்கள். இதை எந்த மென்பொருளும் உங்களுக்குச் சொல்லாது.

உங்களுக்கும் இது பொருந்தும். கடினமான அழைப்புகளை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டிருந்தால், உலகத்தில் எல்லோரும் கத்துகிறார்கள் என்று நினைக்க ஆரம்பிப்பீர்கள். வாரத்தில் சில சாதாரண அழைப்புகளையும் எடுங்கள். முகவரி மாற்றம், பாஸ்வேர்டு, நன்றி சொல்லி வைக்கும் ஆட்கள்.

படி 10: கையை எடுத்துப் பாருங்கள்

ஆறு மாதம் கழித்து ஒரு வாரம் விடுப்பு எடுங்கள். போனை அணைத்துவிட்டுப் போங்கள். போகும் முன் குழுவிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: வழக்கமாக என்னிடம் கேட்கும் இடம் வந்தால் நீங்களே முடிவெடுத்து, என்ன முடிவு, ஏன் என்று ஒரு தாளில் ஒரு வரி எழுதி வையுங்கள்.

நான் முதல் தடவை இப்படிப் போய்த் திரும்பியபோது அந்தத் தாளில் பதினான்கு வரிகள் இருந்தன. அவற்றில் இரண்டு எனக்கு ஒப்பாதவை. ஒன்றில் தேவைக்கு மேல் பணம் திருப்பித் தந்திருந்தார்கள். இன்னொன்றில் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை. உடனே கூப்பிட்டுப் பேச வேண்டும்போல் இருந்தது. பேசவில்லை. பன்னிரண்டை முதலில் வாசித்துக் காட்டினேன். கடைசி இரண்டை அவர்களே எடுத்தார்கள். குறைவாகக் கொடுத்த அந்த வாடிக்கையாளரை யார் திரும்ப அழைப்பது என்ற பேச்சு வந்தபோது, முன்பு என்னிடம் ஹெட்செட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிய அதே பெண், "நான் பேசறேன்" என்று எண்ணைக் குறித்துக்கொண்டு தன் மேஜைக்குப் போனார்.